ஒபின்னாவுக்குக் கண் திறந்த நாள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. போன மார்ச் மாதம், மலேசியாவில், ஈப்போ புந்தோங்கில், பட்டப்பகலில் நடந்தது.

புனிதவதி முன்பு கோயில் சிலைகளுக்கு வண்ணம் தீட்டியவள். இப்போது ஆட்களை எதிரே உட்காரவைத்து எண்ணெய் வண்ணத்தில் முகம் வரைகிறாள். அந்த வாரம் உட்கார்ந்தவன் ஒபின்னா, இங்கே படிக்க வந்த நைஜீரியப் பையன். படம் ஊரில் இருக்கும் அவன் அம்மாவுக்கு. அவன் நிறத்துக்குக் கறுப்பு வண்ணம் உதவாது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. பழுப்பும் நீலமும் கலந்து, கன்னத்தில் துளி சிவப்பு சேர்த்தால்தான் அந்த முகம் வரும். எல்லாம் முடிந்து கண்மணிகள் மட்டும் பாக்கி. கண்ணைக் கடைசியில்தான் திறப்பாள். சிலைப் பழக்கம். எதிரில் இருப்பது யாரோ, அவருக்குத்தான் கண் திறக்கும் என்பது அவள் நம்பிக்கை.

மதியம் 2.40. அவள் மாடி அறைக்கு ஏறும் மரப்படியில் காலடிச் சத்தமே இல்லை. திரும்பினால்... நாற்காலியில் ஒபின்னா.

அவனுக்குத் தெரிந்த தமிழே மூன்று வார்த்தை: அக்கா, சாப்பாடு, போலாம். வந்ததும் மூன்றையும் செலவழித்துவிடுவான். இன்று ஒன்றுகூட வரவில்லை.

சன்னல் இடப்பக்கம். வெளிச்சமோ அவன் முகத்தின் மறுபக்கத்தில் இருந்தது. வெயில் கொளுத்தியது. அவன் நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. கன்னத்தில் அந்தச் சிவப்பையும் காணோம்.

2.55. தூரிகையைக் கிண்ணத்தில் தட்டினாள். டக்... டக்...

"கண்ணத் தொறங்க."

சுத்தமான தமிழ். உதடு அசையவில்லை.

அவள் கதவைப் பார்த்தாள். கதவு அவனுக்குப் பின்னால் இருந்தது. முடித்துக் கொடுத்தால் போய்விடும் என்று நினைத்தாள்.

ஒரு கண்...

இன்னொரு கண்...

3.10. நிமிர்ந்தாள். நாற்காலி காலி.

3.25. போன் அடித்தது. ஒபின்னாவோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் யுகேந்திரன்.

"அக்கா, ஒபின்னா இன்னிக்கு வரமாட்டான் லா. மத்தியானத்துலருந்து சிம்பாங் பூலாய் ரோட்டுல ஜாம்ல மாட்டிக்கிட்டு இருந்தோம். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"என்னாச்சு?"

"கண்ணு தெரியலங்கிறான்க்கா. மொத ஒண்ணு இருட்டாச்சாம். அப்புறம் இன்னொண்ணு. மூணு பத்து இருக்கும்."

அவள் துணியை எடுத்துப் படத்தின் மேல் பாய்ந்தாள். எண்ணெய் வண்ணம் காய நாளாகும். அதற்குள் அழித்துவிடலாம்.

நேற்றுத் தீட்டிய நெற்றி ஈரமாகத் துணியில் ஒட்டியது. கால் மணி நேரத்துக்கு முன் தீட்டிய கண்கள்... காய்ந்து இறுகியிருந்தன.

கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றுதான் டாக்டர்கள் இன்றுவரை சொல்கிறார்கள். ஒபின்னாவின் கண்ணுக்குத்தான் எதுவும் தெரியவில்லை.