சிவப்பு வட்டம் போட்ட விமானம்

அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் குழந்தை இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

கொண்டுவந்தவருக்கு அது தெரியாது. என் கணவர் சமையல் வேலை பார்த்த சரக்குக் கப்பலிலேயே அவரும் இருந்தவர். விடுப்பில் மெட்ராஸில் இறங்கி, சொந்த ஊருக்குப் போகும் முன் இதற்காகவே பஸ் ஏறி பழவேற்காட்டுக்கு வந்திருந்தார். வாசலில் நின்று மாமியிடம், என் கணவரின் அம்மாவிடம், பையைக் கொடுத்துவிட்டு, “புள்ள பொறந்திருக்கும்னு சொன்னாரு. இன்னா புள்ளமா?” என்று கேட்டார். மாமி, “உள்ள வந்து ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க தம்பி” என்று மட்டும் சொன்னார். நான் உள்ளறையில் பாயில் படுத்திருந்தேன். பால் கட்டிக்கொள்ளாமல் இருக்க மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்த வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. நான் பொன்னேரியில் பிறந்து வளர்ந்தவள். எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன். கல்யாணமாகி இரண்டு மாதம் கூட ஆகாத நேரத்தில் அவர் கப்பலுக்குப் போய்விட்டார். பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் இருந்த அந்த நீளமான பழைய வீட்டில் மாமியும் நானும்தான். குழந்தை வீட்டிலேயே பிறந்தது, உயிரில்லாமல். என்னிடம் ஒரு தடவை காட்டினார்கள். பிறகு ஆண்கள் வந்து துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். அதோடு அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. என் அம்மா பத்து நாள் இருந்துவிட்டுப் போனார். என் கணவருக்குச் செய்தி எழுதியதும் நான் இல்லை. மாமி சொல்லச் சொல்ல, தெருப் பெரியவர் ஒருவர் எழுதினார். ‘அல்லாஹ்வின் நாட்டம், குழந்தை தங்கவில்லை, தாய் நலம்’ என்று எழுதியதாக மாமி சொன்னார்.

அந்தக் கடிதம் அவர் கைக்குப் போவதற்கு முன்பே அவர் அனுப்பிய பை எங்களிடம் வந்துவிட்டது. உள்ளே இரண்டு சேலை, சோப்பு, தைலம், ஒரு அட்டைப் பெட்டி. பெட்டியின் மேல் ஒரு விமானத்தின் படம். பழைய காலத்துச் சண்டை விமானம், மூக்கில் காற்றாடி, கரும்பச்சை உடம்பு, இறக்கையில் பெரிய சிவப்பு வட்டம். அவர் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. ‘குழந்தைக்கு. ஜப்பான் துறைமுகத்தில் வாங்கியது.’

மாமி படத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

“அந்தக் காலத்து சண்டைல இந்த செவப்பு வட்டக்காரன் குண்டு போட வரான்னுதான் மெட்ராஸ்ல இருந்து எங்க சனமெல்லாம் இங்க ஓடியாந்துச்சு. இந்த வூட்ல பதினேழு பேரு படுத்துனு கெடந்தோம். இதப் போயி புள்ளைக்கு வாங்கியிருக்கான் பாரு.”

புள்ளைக்கு என்று சொன்னதும் அவர் வாயை மூடிக்கொண்டார். பெட்டியைத் தூக்கி அலமாரியின் மேல் வைத்தார்.

நாற்பது நாள் நான் வெளியே போகக் கூடாது. குழந்தை இருந்தால் அந்த நாற்பது நாள் எப்படிப் போகும் என்று தெரியாது. இல்லாதபோது அது போகவே இல்லை. காலையில் வலை இழுக்கப் போனவர்கள் திரும்புகிற சத்தம், மத்தியானம் ஏரிக்காற்று ஓட்டில் மணலை வாரி இறைக்கிற சத்தம், சாயங்காலம் பள்ளிவாசலில் அஸர் பாங்கு. அவ்வளவுதான் ஒரு நாள். ஒரு மத்தியானம் மாமி தூங்கிக்கொண்டிருந்தபோது எழுந்து பெட்டியை இறக்கினேன். படத்தில் இருந்த விமானம் உள்ளே இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது எல்லாம் துண்டுகள். மெல்லிய பிளாஸ்டிக் சட்டங்களில் முருங்கைப் பூ மாதிரி சின்னச் சின்ன உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். இறக்கை இரண்டு பாதி, உடம்பு இரண்டு பாதி, சக்கரம், நாற்காலி, என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு ஆள். அவன் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

மடித்து வைத்திருந்த தாளில் எழுத்து ஒன்றும் புரியவில்லை. படங்கள் புரிந்தன. எண்ணும் புரிந்தது.

ஏன் அதைச் செய்ய ஆரம்பித்தேன் என்று இப்போது யோசித்தாலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. முழுசாக இருந்திருந்தால் திரும்ப மூடி வைத்திருப்பேன் என்று நினைக்கிறேன். துண்டு துண்டாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே மூட மனசு வரவில்லை.

முதலில் கையால் திருகிப் பிய்த்தேன். பிய்த்த இடமெல்லாம் பிசிறு நின்றது. பிறகு பாதி பிளேடால் அறுத்து, தீப்பெட்டியின் உரசுகிற பக்கத்தில் தேய்த்தேன். கூட வந்த பசைக் குழாய் வழியிலேயே காய்ந்து கல்லாகியிருந்தது. வீட்டில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுகிற சொல்யூஷன் இருந்தது. அதைத் தடவிப் பார்த்தேன். நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்ததே தவிர, மறுநாள் காலையில் இறக்கை தனியாகக் கழன்று கிடந்தது. ஒரு நாள் முழுக்க அதைச் சுரண்டி எடுத்தேன்.

அந்த வாசனையில்தான் மாமிக்குத் தெரிந்தது.

“இன்னாமா பண்றே?”

“ஒட்டுறேன் மாமி. ஒட்ட மாட்டேங்குது.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஒரு துண்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். புர்காவை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு ஊசி மருந்து பாட்டில். ரப்பர் மூடி போட்டது. உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது.

“பஸ் ஸ்டாண்டாண்ட ரேடியோ ரிப்பேர் பண்றவன் குடுத்தான். ஒடஞ்ச ரேடியோ பொட்டி இதுலதான் ஒட்டுவானாம். தொட்டு வெச்சா போதுமாம். ஊத்துனா பிளாஸ்டிக்கு கரைஞ்சு பூடுமாம். அடுப்பாண்ட எடுத்துனு போவாத.”

“யாருக்குனு கேட்டாரா?”

“கேட்டான். என் மருமவளுக்குனு சொன்னேன்.”

துடைப்பக் குச்சியின் நுனியில் அதைத் தொட்டு வைத்தேன். இரண்டு துண்டும் உருகி ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொண்டன. காயும்வரை விலகாமல் இருக்க வலை பின்னுகிற நைலான் நூலைச் சுற்றிக் கட்டினேன். ஒரு நாளைக்கு இரண்டு துண்டு, மூன்று துண்டு. அதற்கு மேல் ஒட்டினால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று நிறுத்திக்கொள்வேன்.

பெரிய தப்பு ஒன்று செய்தேன். உடம்பின் இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டி, நூல் கட்டி, காய்ந்து, நூலை அவிழ்த்த பிறகுதான் தாளில் முதல் படத்தைக் கவனித்தேன். நாற்காலியையும் ஆளையும் உள்ளே வைத்துவிட்டுத்தான் மூட வேண்டும். இப்போது மேலே இருந்த சின்னத் திறப்பு வழியாக நாற்காலி போகவில்லை. ஆளும் போகவில்லை. பிளேடை இடுக்கில் விட்டுப் பிளக்கப் பார்த்தேன். கையில் கிழித்துக்கொண்டேன், ரத்தம் வந்தது. விமானம் திறக்கவில்லை.

அன்றைக்குத்தான் அழுதேன். குழந்தை பிறந்த அன்று கூட அப்படி அழவில்லை. மாமி ஓடி வந்தார். என் கையையும் விமானத்தையும் அந்தச் சின்ன ஆளையும் பார்த்தார். விரலைத் துணியால் சுற்றிவிட்டு என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். அவர் கை என் முதுகில் இருந்தது. பொழுது இறங்கி மக்ரிப் பாங்கு சொன்னதும் எழுந்து போனார்.

மறுநாள் ஆள் இல்லாமலே மேல் கண்ணாடியை ஒட்டினேன். விரலில் இருந்த ஒட்டுகிற மருந்து பட்டு அதில் ஒரு பக்கம் பனி மூடின மாதிரி ஆகிவிட்டது. காற்றாடி மட்டும் சரியாக வந்தது. ஊதினால் சுற்றியது. கடைசியில் ஒட்டுப்படமாக வந்த சிவப்பு வட்டங்கள். தாளில் கிண்ணத்தில் தண்ணீர் வரைந்திருந்தது. ஒன்றைச் சாஸரில் ஊறப்போட்டேன், வழுக்கிக்கொண்டு வந்தது. ஆறு வட்டத்தில் ஒன்று கையிலேயே சுருண்டு போயிற்று. மிச்சம் ஐந்தையும் ஒட்டினேன்.

முடித்த அன்று நாற்பது நாள் தாண்டி இன்னும் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. விமானத்தை அலமாரியின் மேல் வைத்தேன். மாமியைத் தவிர அதைப் பார்க்க யாரும் இல்லை. அந்தச் சின்ன ஆளை என்ன செய்வது என்று தெரியாமல் தையல் பெட்டியில் பொத்தான்களோடு போட்டேன்.

கப்பலில் இருந்து அவருடைய பதில் இரண்டு மாதம் கழித்து வந்தது. ‘செய்தி அறிந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.’ அதற்குக் கீழே ஓடு மாற்றுவது பற்றி அரைப்பக்கம். அந்த அரைப்பக்கத்துக்காக நான் அவரை வெறுத்தேன். என் பதில்களில் ‘இங்கு அனைவரும் நலம்’ என்று ஒரே மாதிரி எழுதி அனுப்பினேன். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே போயிற்று.

பிறகு ஒரு மாத விடுப்பில் வந்தார். எனக்கு அவர் முகம் பாதி மறந்திருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். முதல் இரண்டு நாள் விருந்தாளியிடம் பேசுவது போல ‘சாப்டியா’, ‘தண்ணி வேணுமா’ என்றே பேசிக்கொண்டோம். மூன்றாம் நாள் காலையில் சட்டை எடுக்கப் போனவர் அலமாரிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“இத யாரு செஞ்சது?”

“நான்தான்.”

கையில் எடுத்தார். தூசியை ஊதினார், காற்றாடி சுற்றியது. திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“முழுசா இருக்கும்னு நெனச்சுதான் வாங்கனேன்” என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், “இன்னா புள்ள அது?” என்றார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை.

“லெட்டர்ல கொழந்தனு மட்டும்தான் போட்டிருந்துச்சு. ஆம்பளயா பொம்பளயானு எழுதல. திரும்பக் கேட்டு எழுதலாம்னு பேப்பர எடுப்பேன். கேட்டா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு வெச்சிடுவேன்.”

ஒரு வருஷத்துக்கு மேல் அவருக்கு அது தெரியாமலே இருந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் நடந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“பொண்ணு” என்றேன். “நெறைய முடி. உங்க மாதிரி காது. மேல கொஞ்சம் மடங்கி இருந்துச்சு.”

அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். விமானத்தை மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு, “எங்க அடக்கம் பண்ணாங்க?” என்றார்.

“எனக்குத் தெரியாது. ஆம்பளைங்க எடுத்துனு போனாங்க. பொம்பளைங்க அங்க போவக் கூடாதே, மாமியும் போவல.”

அன்றைக்கு மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. கடிதம் எழுதிய அந்தப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு கபர்ஸ்தானுக்குப் போயிருந்தார். வெயில் சாய்கிற நேரத்தில் வந்து கிணற்றடியில் கால் கழுவினார். நான் தண்ணீர் ஊற்றினேன். மாமி சமையல் கட்டில் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நிலைப்படியில் வந்து நின்றார்.

“பாத்துட்டேன்” என்றார் என் கணவர். “ஏரிப் பக்கத்துச் சொவரோரமா. மணலுதான். ஒரு வேப்பங்கன்னு இருக்குது, நெழல் விழுது. அடையாளத்துக்கு ஒண்ணும் இல்ல, பெரியவருக்குத்தான் ஞாபகம் இருந்துச்சு. நா ஒரு கல்லு வெச்சிட்டு வந்தேன்.”

“எந்த மூலைல?” என்று மாமி கேட்டார்.

“உள்ள நொழைஞ்சா எடதுபக்கம், கடைசி.”

நான் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். கபர்ஸ்தான் வாசலில் இருந்து ஆரம்பித்து, எத்தனை எட்டு, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், வேம்பு எவ்வளவு உயரம் என்று மெதுவாகச் சொன்னார்.