மாரப்பன் வந்தேன்

மைசூர்த் தமிழர்களை நான் முதலில் நிறங்களாகத்தான் அறிந்தேன். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, மைசூர் விஜயநகரில் என் வீட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தால், எல்லோரும் சேர்ந்து எழுதும் வகுப்புப் பக்கத்தில் ஏழு நிறங்களில் ஏழு கர்சர்கள் துடிக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பெயர். நான் பேசுவேன், அவர்கள் எழுதுவார்கள். கன்னடத்தில் படித்து வளர்ந்து, தமிழைப் பேச மட்டும் தெரிந்த பெரியவர்கள். மூன்று தெரு தள்ளி இருப்பவர்களின் குரலைக்கூட நான் கேட்டதில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

ஈரோட்டில் நான் வேலை பார்த்த பள்ளியில் பெயர் படித்தால் "உள்ளேன் டீச்சர்" என்று கூரை அதிரும். பக்கத்தில் இருப்பவனுக்காகக் குரல் மாற்றிச் சொல்கிற கில்லாடிகளும் உண்டு, நான் கண்டுபிடித்துவிடுவேன். இங்கே வருகைக்கு ஒரு கட்டம் போட்டு வைத்தேன். அவரவர் பெயருக்கு எதிரே "வந்தேன்" என்று எழுதினால் போதும்.

முதலில் எழுதுகிற பச்சைக் கர்சர் மாரப்பனுடையது. வகுப்பிலேயே நன்றாக எழுதியவர். திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார் என்று செய்தி வந்தது. அன்றே உடலைப் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் பாலாறு செக்போஸ்ட் தாண்டி அவருடைய சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போக முடியாத நாங்கள் வகுப்புப் பக்கத்தின் அடியில் இரங்கல் எழுதினோம். "இனி இப்படி எழுத யார் இருக்கிறார்கள்" என்று நான் எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து, சரியாக நான்கு மணிக்கு, பச்சைக் கர்சர் வந்தது. தலையில் மாரப்பன் என்ற பெயர். மெதுவாக நகர்ந்து அவர் கட்டத்தில் நின்றது. வ... ந்... தேன். மற்ற கர்சர்கள் அசையவில்லை. பிறகு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அந்தப் பக்கத்தில் அதுவும் நானும் மட்டும் இருந்தோம். பாடம் கேட்கக் காத்திருப்பது போல அது துடித்துக்கொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஓடினேன். என் அரைகுறைக் கன்னடத்தைக் கேட்டுவிட்டு, அந்த ஆள் பிழைத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டார். "ஒள்ளேதாய்த்து பிடி" என்று, நல்லதாகப் போயிற்று என்று, மனதாரச் சிரித்தார். நான் திரும்பி வந்து மாரப்பன் பெயரைப் பகிர்வுப் பட்டியலிலிருந்து நீக்கினேன். இறந்தவருக்குச் செய்கிற மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான்.

மறுநாள் காலை என் கைபேசி அடித்தது. திரையில் மாரப்பன். எடுப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. பெண் குரல்.

"டீச்சருங்களா? நா அவரு சம்சாரம் சிவம்மா பேசறனுங்க. கிளாசு தெறக்க மாட்டேங்குது. பர்மிஷன் இல்லீன்னு வருது. நா என்ன தப்புப் பண்ணுனனுங்க?"

"அது அவர் அக்கவுண்டுங்க... அவர்தான் இல்லையேன்னு..."

"அவரு தமிழ்நாட்டுல படிச்சவருங்க, அவருக்கு எதுக்குத் தமிழ் கிளாசு? நா கர்நாடகாவுல, ஹனூர்ல கன்னடம் படிச்சவ. போனு அவருது, பேரு அவருது. எழுதுனதெல்லாம் நானுங்க."

மாரப்பன் பெயரில் இருந்த பழைய வரிகளைத் திறந்து பார்த்தேன்.

"நீங்க எழுதுன இரங்கலப் படிச்சனுங்க. இனி இப்படி எழுத யாரு இருக்காங்கன்னு... என்னையத்தான சொல்றீங்க? உசுரோட உக்காந்து படிக்கப் பயமா இருந்துச்சு. அதான் வந்தேன்னு எழுதுனன். எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டீங்க. அவரும் போயிட்டாரு, கிளாசும் போச்சுன்னா நா எங்கீங்க போவேன்?"

வெட்கத்தில் அழுகை வந்தது. பத்து மாதம் அவள் எழுத்தைத் திருத்தியிருக்கிறேன், ஓர் ஆணின் பெயரைப் பாராட்டியிருக்கிறேன், உயிரோடு இருப்பவளுக்கு இரங்கல் எழுதிவிட்டு வெளியே தள்ளிக் கதவையும் சாத்தியிருக்கிறேன். அன்றே போனில் பேசிக்கொண்டே அவள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினோம். பெயர் கேட்ட இடத்தில் 'சிவம்மா' என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

நடந்ததை மற்றவர்களுக்கு எழுதினேன்; அடுத்த சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். 'என் ஊர்' என்று ஒரு தலைப்புக் கொடுத்தேன். சிவம்மா இப்படி எழுதினாள்: "பிறந்த ஊரில் நான் சின்னப்பன் மகள். மைசூரில் மாரப்பன் சம்சாரம். அவரைப் புதைத்த ஊரில் கர்நாடகாக்காரி. சிவம்மா என்று பெயர் போட்டிருப்பது இங்கே மட்டும்தான்."

"டீச்சர், நீங்களும் எழுதுங்க" என்று யாரோ கீழே எழுதினார்கள். ஈரோடு என்று எழுதி அழித்தேன். மைசூர் என்று எழுதினேன், அதையும் அழித்தேன். அந்தப் பக்கத்தில் நான் எழுதுவதும் அழிப்பதும் எல்லோருக்கும் தெரியும். ஏழு கர்சர்களும் என் வரிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டன.