ஸ்டிக்கர் இருந்த இடம்

என் தம்பியைப் பட்டறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சொட்டு என்பார்கள். அடிபட்ட கார்களைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடிக்கும் அந்தப் பட்டறையில் பத்தொன்பது வருடம் கலர் கலக்கியவன் அவன். டப்பாவைச் சாய்த்து ஊற்ற மாட்டான். குச்சி நுனியில் தொட்டு, சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொன்றையும் முணுமுணுத்து எண்ணுவான். கேலிக்கு வைத்த பெயர்தான். அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்களே, "சொட்டுகிட்ட குடுத்துக் கலர் வாங்கிட்டு வா" என்று ஆள் அனுப்ப ஆரம்பித்த பிறகு கேலி போய், பெயர் மட்டும் நின்றுவிட்டது.

நான் அவனுக்கு ஆறு வயது மூத்தவள். தையல் கம்பெனியில் செக்கிங் வேலை. சட்டையின் உடம்புத் துணிக்கும் கைத் துணிக்கும் நிறம் துளி மாறியிருந்தாலும் ஒதுக்கித் தள்ளிவிட வேண்டும். ஒரே நீலம்தான், ஆனால் ஒரு சாயத் தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் லேசாக மாறும். மற்றவர்கள் ஒரு நாளைக்கு நாலைந்து பிடித்தால் நான் இருபது பிடிப்பேன். "உங்க வீட்டுல இருக்கிறது கண்ணா, பூதக்கண்ணாடியா?" என்று சூப்பர்வைசர் அம்மா கேட்பார். "எனக்குப் பாதிதான்மா, மீதி என் தம்பிகிட்ட இருக்கு" என்பேன். எங்களைப் பெற்றவள் இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சொத்து என்று இருந்தது இந்த நாலு கண்கள்தான்.

அவன் வேலைக்குச் சேர்ந்த வருடமே அந்தக் கார் பட்டறைக்கு வந்தது. கதவில் ஒரு கீறல், அவ்வளவுதான். சிவப்பு. இரண்டே பேர் உட்காரலாம். மேல்கூரையைப் பின்னால் மடக்கிவிடலாம். விளக்குகள் பானட்டுக்குள் மூடிக் கிடக்கும், பட்டனை அழுத்தினால் தூங்கி எழுந்தவன் கண் திறப்பது மாதிரி மேலே வரும். மாஸ்டா எம்எக்ஸ்-ஃபைவ். அன்று சாப்பிட உட்கார்ந்தவன் தட்டில் கையை வைத்தபடி அதைப் பற்றியே பேசினான். அதன் பிறகு வருடக்கணக்கில் பேசினான். பழைய கார்ப் பத்திரிகைகளை எடைக்கு வாங்கி வந்து, அந்தக் கம்பெனியின் ஜாதகத்தையே மனப்பாடம் செய்துவிட்டான்.

"அந்தக் கம்பெனி முதல்ல என்ன செஞ்சுது தெரியுமாக்கா? பாட்டில் வாயில வைப்பாங்களே கார்க், அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுல."

"கார்க்குல இருந்து காருக்கு வந்துட்டானா? கடைசி எழுத்து உதிர்ந்துபோச்சோ?"

"சிரி. அப்புறம் மூணு சக்கர வண்டி செஞ்சான். அப்புறம், பிஸ்டன் மேல கீழ குதிக்காம உள்ளேயே சுத்துற இன்ஜினைப் பிடிச்சுக்கிட்டான். மத்தவன் பெரும்பாலும் இது ஆகாதுன்னு கைய விட்டுட்டான், இவன் விடல. அறுபத்தேழுல அதை வெச்சு ஸ்போர்ட்ஸ் கார் விட்டான். எண்பத்தொன்பதுல இது."

"எவ்வளவு வேகம் போகும்?"

"பெரிய வேகமெல்லாம் இல்ல. பணக்காரன் கார் முந்திக்கிட்டுப் போயிடும். ஆனா ஆயிரம் கிலோகூட இல்லாத எடைக்கா. வளைவுல திருப்பினா நாம நினைக்கிறதும் அது திரும்புறதும் ஒண்ணா இருக்குமாம். குதிரையும் மேல உட்கார்ந்திருக்கிறவனும் ஒரே உசுரு மாதிரி இருக்கணும்னு சொல்லியே செஞ்சிருக்காங்க. வேடிக்கை என்னன்னா, விலைய எட்டுற மாதிரி வெச்சான். வாத்தியார் வாங்கினாரு, நர்ஸ் வாங்கினாங்க. பத்து லட்சம் காருக்கு மேல வித்திருக்கான்."

"பெயின்டர் வாங்கலாமா?"

"பழசா கிடைச்சா வாங்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

சிவப்பைப் பற்றி அவன் சொன்னதையும் முடிந்து வைத்துக்கொண்டேன். எந்தக் கம்பெனிக் காராக இருந்தாலும் பழைய சிவப்பு வெயிலில் வெளுக்கும். ஆனால் ஒரே சீராக வெளுக்காது. பானட் முதலில் வெளுக்கும், கதவு கொஞ்சம் தாமதிக்கும், கைப்பிடிக்கு அடியில் அப்படியே இருக்கும். "பழைய சிவப்புக் கார் முழுக்க ஒரே சிவப்பா இருந்தா நம்பாதேக்கா. அடிபட்டுப் பெயின்ட் அடிச்சதுன்னு அர்த்தம். கொஞ்சம் கொஞ்சம் மாறியிருந்தா அது யோக்கியமான வண்டி." என் கம்பெனியில் நிறம் மாறினால் குற்றம், அங்கே மாறாவிட்டால் குற்றம். இந்த வித்தியாசத்தை நான் பலரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒரு மூன்று வாரம் அவன் வேலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. வழக்கமாக எந்தக் காருக்கு எத்தனை சொட்டு மஞ்சள் போட்டான் என்பது வரை எனக்கு ஒப்பிப்பவன். கேட்டால், "சும்மா ஒரு வண்டி" என்றான். பெயின்ட் புகையால் வரும் இருமல் அதிகமாகிவிட்டது போல என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன்.

எட்டு மாதம் கழித்து, என் தையல் கம்பெனி வாசலில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பழைய சிவப்பு எம்எக்ஸ்-ஃபைவ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். புரோக்கரைத் தேடிப் போனேன். "வயசான டாக்டர் வெச்சிருந்ததுங்க. ஒரே கை. இப்ப முட்டி வலி, குனிஞ்சு ஏற முடியல, அதான் விக்கிறாரு" என்றார். தம்பியிடம் மூச்சு விடவில்லை. அவன் கார் பார்க்கத் தெரிந்தவன்தான், ஆனால் ஆச்சரியப்படுத்த வேண்டும் என்பது என் ஆசை. என் கண்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

காலை பத்து மணிக்கு வண்டியை நிழலில் நிறுத்தச் சொன்னேன். நேர் வெயில் நிறத்தை ஏமாற்றும். கம்பெனியிலிருந்து வெள்ளைத் துணி ஒன்று கொண்டுபோயிருந்தேன். அதை ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். பானட் வெளுத்திருந்தது. கதவு அதைவிடக் குறைவு. கைப்பிடிக்கு அடியில் பழைய அழுத்தமான சிவப்பு. டிக்கிக்கு வந்ததும் எனக்குச் சந்தேகம் சுத்தமாகப் போய்விட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம், சுற்றியுள்ளதைவிட ஒரு பிடி அடர்த்தியாக இருந்தது. ஏதோ ஸ்டிக்கரை வருடக்கணக்கில் ஒட்டி வைத்திருந்து எடுத்திருக்கிறார்கள். ஒரு ஓரம் லேசாகக் கிழிந்து எடுபட்ட மாதிரிகூட இருந்தது. இதையெல்லாம் யாரால் பொய்யாகச் செய்ய முடியும்? வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் முடி வெட்டிக்கொண்டு வருவதற்குள் புரோக்கரே வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போனார். மேலே இரண்டு படுக்கை விரிப்பைப் போட்டு மூடினேன். வந்தவன் முன்பக்க விரிப்பைத் தூக்கினான். முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை, "அக்கா" என்று ஒரு சத்தம் போட்டான், சின்னப் பையன் குரலில். உள்ளே உட்கார்ந்து விளக்கை மேலே ஏற்றினான், இறக்கினான், மறுபடி ஏற்றினான். இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு பின்பக்க விரிப்பையும் எடுத்தான். டிக்கியைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"யாருகிட்ட வாங்கின?"

"வயசான டாக்டராம். அந்த வட்டத்தைப் பாருடா, ஸ்டிக்கர் இருந்த இடம். எத்தனை வருஷம் ஒட்டியிருந்தா இப்படி நிக்கும்!"

"ஸ்டிக்கரே இல்லக்கா. அது நான் போட்டது."

விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் விரிப்பைத் தரையில் போட்டு, என்னையும் படுத்துக் காருக்கு அடியில் பார்க்கச் சொன்னான். கதவுக்குக் கீழே, கறுப்புப் பூச்சுக்கு அடியில், விரல் தடிமனுக்கு ஒரு வெல்டிங் கோடு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஓடியது. முன்பாதி ஒரு கார், பின்பாதி வேறு கார். ஒன்றுக்குப் பின்னால் அடி, இன்னொன்றுக்கு முன்னால் அடி. நல்ல பாதிகளை வெட்டி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

"கூரை இல்லாத வண்டிக்கா. இந்த அடித்தளம்தான் முதுகெலும்பு. வேகமா ஒரு வளைவுல திருப்பினாப் போதும்" என்றான்.

"தெரிஞ்சேதான் கலர் போட்டியா?"

"எங்கேயோ காட்சிக்கு நிறுத்தி வைக்கத்தான், ரோட்டுல ஓடாதுன்னு முதலாளி சொன்னாரு."

"நீ நம்பிட்ட?"

"அந்தக் காருக்கு என் கையால கலர் போடணும்னு பத்தொன்பது வருஷமா இருந்துச்சு. நம்பணும்னு தோணுச்சு, நம்பிட்டேன்."

"சரி. இந்த வட்டம்? இதையும் முதலாளிதான் கேட்டாரா?"

"யாரும் கேக்கல. உன் கண்ணுக்கே பொய்னு தெரியாத மாதிரி போட முடியுமான்னு பார்த்தேன்" என்றான்.

மறுநாள் காலை இருவரும் பட்டறைக்குப் போனோம். தம்பி சத்தம் போட்டான். முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"டேய் சொட்டு, கத்தாதே. வெட்டி ஒட்டினவன் வெல்டர், வித்தவன் புரோக்கர். பார்க்கிறவன் கண்ணுல மண்ணைத் தூவினது யாரு? நீ. போலீசுக்குப் போறியா, போ. முதல்ல உன் கையத்தான் நீட்டச் சொல்வான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்க தம்பி வேலைய நீங்களே விலை குடுத்து வாங்கியிருக்கீங்க. வீட்டுச் சொத்து வீட்டுக்கே வந்திருக்கு. பத்திரமா வெச்சுக்கங்க."

பட்டறையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர்களில் வெல்டரும் ஒருவன். தம்பி தன் குச்சிகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். அன்றோடு வேலை போயிற்று. "வாடிக்கைக்காரன் வண்டிய நம்பி இவன் கையில குடுக்க முடியாது" என்று முதலாளி மற்ற பட்டறைகளிலும் சொல்லி வைத்துவிட்டார். கலர் வாங்கிவர ஆள் அனுப்பியவர்களில் ஒருவர்கூட அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு நான் செய்ததையும் எழுதத்தான் வேண்டும். கார் வாசலில் நின்றது. ஒரு நாள் பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி கதவைத் தட்டினாள். சின்ன வயது. தினமும் போகும்போது வரும்போது பார்ப்பாளாம். "விக்கிறீங்களாக்கா? எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஸ்டிக்கர் எடுத்த இடத்தைப் பார்த்தாலே தெரியுது, ஒரிஜினல் பெயின்ட்" என்றாள். நான் கொடுத்ததைவிட அதிகமாகவே தருவதாகச் சொன்னாள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நாளைக்கு வாம்மா" என்றேன்.

உள்ளேயிருந்து தம்பி வந்தான். "என்ன சொல்லி அனுப்பின?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"நாமளும் ஏமாந்துதானேடா வாங்கினோம்? உனக்கு வேலையும் இல்ல. அவ மெதுவா ஓட்டுவாடா."

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் முன்பே பார்த்திருந்தேன். பட்டறையில், நாற்காலியில் உட்கார்ந்திருந்த முதலாளியை அவன் அப்படித்தான் பார்த்தான்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது, கதவுக்குக் கீழே இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இரண்டிலும் ஒரு சாண் அகலத்துக்குப் பெயின்ட், பட்டி எல்லாம் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. வெறும் இரும்பு தெரிந்தது. நடுவில் வெல்டிங் கோடு, ஆபரேஷன் தழும்பு மாதிரி. நர்ஸ் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டாளாம். பானட்டிலும் கதவிலும்கூட அவன் போட்ட இடங்களையெல்லாம் தேய்த்து எடுத்திருந்தான். டிக்கி வட்டத்தை மட்டும் தொடவில்லை.

"இதை ஏன் விட்டுட்ட?" என்று கேட்டேன்.

"அது நல்லா வந்திருந்துச்சு" என்றான்.

இப்போது அவன் சுவர் பெயின்ட் விற்கும் கடையில் இருக்கிறான். அங்கே கலர் கலக்குவது மெஷின். அட்டையைப் பார்த்து நம்பரை அழுத்தினால் சொட்டு அதுவாகவே எண்ணி விழும். இவன் டப்பாவை மூடிக் குலுக்கிக் கொடுக்க வேண்டும். சாப்பிடும்போது எதையும் ஒப்பிப்பதில்லை. நானும் கேட்பதில்லை. என் வேலை மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் நாளுக்கு இருபது சட்டை ஒதுக்குகிறேன். சூப்பர்வைசர் அம்மா பூதக்கண்ணாடி என்று சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

போன மாதம் இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். பழைய இரும்பு வாங்குபவர் லாரியோடு வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, சுரண்டிய இடத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார். டிக்கிக்குப் போனதும் குனிந்து, கட்டை விரலால் வட்டத்தைத் தடவினார்.

"அடப்பாவமே, ஸ்டிக்கர் இருந்த இடம்கூட அப்படியே இருக்கே தம்பி. இந்தப் பக்கமாவது ஒரிஜினல்."

தம்பி சங்கிலியை மாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"ஆமாண்ணே, ஒரிஜினல்தான்" என்றான்.