கதவுக்கு வெளியே நின்று பேசியது

என் மனைவியின் இடது கன்னத்தின் உட்புறத்தில் வந்த புண் மூன்று மாதமாகியும் ஆறவில்லை. வெற்றிலை போடுவதால் வந்தது, நிறுத்தினால் ஆறிவிடும் என்றுதான் எங்கள் ஊர் கனகராயன்குளத்தில் எல்லோரும் சொன்னார்கள். வவுனியா ஆஸ்பத்திரியில் சிறு துண்டு வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்று பதில் வந்தது. கொழும்புக்குப் போய் ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கு மேல் தங்கி, ‘கரண்ட் பிடிக்க’ வேண்டுமாம். கதிர்ச் சிகிச்சையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

பிள்ளைகள் இருவரையும் பக்கத்துக் காணிக்கார அக்கா பொறுப்பெடுத்தார். “ஒண்டும் யோசியாமல் போட்டு வாங்கோ. என்ரை பிள்ளையளோட நிக்கட்டும்” என்றார். மாங்குளத்தில் ரயிலேறினோம்.

கொழும்பு ஆஸ்பத்திரியில் முதல் நாள், கதிர் பட வேண்டிய இடம் தெரிய அவள் கன்னத்திலும் கழுத்திலும் ஊதா மையால் கோடு போட்டார்கள். மேசையில் படுக்கவைத்து, அசையாதே என்று சொல்லிவிட்டு எல்லோரும் வெளியே வந்தார்கள். கனத்த கதவு மூடியது. உடனே உள்ளே அலறல் கேட்டது. கதவைத் திறந்தபோது அவள் மேசையிலிருந்து இறங்கி, சுவரோடு ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் காரணம் தெரியும். எழுபத்தேழில் தமிழர்களைத் தாக்கிய கலவரத்தில், மலைநாட்டில் நாங்கள் வேலை செய்த தேயிலைத் தோட்டத்துக் காவல்காரர் எங்களை ஒரு சாமான் அறைக்குள் வைத்து வெளியே பூட்டினார். எங்களைக் காப்பாற்றத்தான் பூட்டினார். பகல் முழுவதும் அந்த இருட்டில் மூச்சுவிடவும் பயந்து கிடந்தோம். அதற்குப் பிறகுதான் வடக்கே வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினோம். வன்னி வீட்டில் அவள் கதவைச் சாத்திப் படுத்ததே இல்லை.

மெஷினை இயக்குபவரிடம் இதைச் சிங்களத்தில் சொன்னேன்.  அவர் சுவரிலிருந்த மைக்கைக் காட்டினார். “இதில் பேசினால் உள்ளே கேட்கும். நீங்களே பேசுங்கள். ஆனால் அவர் பதில் சொல்லக் கூடாது. வாய் அசையக் கூடாது.”

நான் வாயாடி இல்லை. கலியாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவளோடு உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசியிருப்பேனோ தெரியாது. “நான் இங்கதான் நிக்கிறேன் புள்ள” என்றேன். வேறு ஒன்றும் வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் அசையாமல் கிடந்தாள்.

வெளியே வந்ததும், “நிக்கிறேன் நிக்கிறேன்னு எத்தன தடவ சொல்லுவீங்க? வேற ஏதாச்சும் பேசுங்க” என்றாள்.

அடுத்த நாள் மிளகாய்க் கன்றுகளைப் பற்றிப் பேசினேன். பிறகு காணிக்குள் புகுந்த பன்றிகள், கிணற்றில் தட்டுப்பட்ட கல், குளக்கட்டில் என்னைத் துரத்திய எருமை. எருமைக் கதையன்று, “சிரிக்க வைக்காதீங்க, கோடு அசஞ்சிரும்” என்று பிறகு திட்டினாள்.

மூன்றாம் கிழமைக்குப் பின் வாயெல்லாம் புண். எச்சில் வற்றிப்போயிற்று. கஞ்சியை ஆறவைத்து, வடித்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். கழுத்துத் தோல் கறுத்து எரிந்தது. சேலைத் தலைப்பு பட்டாலும் துடித்தாள். என் பழைய பருத்திச் சட்டையின் கழுத்தை அகலமாக வெட்டிப் போடக் கொடுத்தேன். அவள் பேச்சு நின்று, சைகை மட்டும்தான்.

அப்படி ஒரு நாள், கதவு மூடியதும், நினைத்திராத ஒன்று என் வாயில் வந்தது. “ஒங்கம்மாவ தோட்டத்துல விட்டுட்டு வன்னிக்கு வர ஒனக்கு மனசு இல்ல. நான்தான் இழுத்துக்கிட்டு வந்தேன். அஞ்சாறு வருசமா அதப் பத்தி ஒன்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. மன்னிச்சிரு புள்ள.”

மெஷினை இயக்குபவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் வெளியே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். வார்டு வரை விடவில்லை.

சிகிச்சை முடிந்து திரும்பும்போது அனுராதபுரம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள். ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“அம்மாவ ஒரு தடவ பாக்கணும்.”

“போவோம்” என்றேன்.

தோல் உரிந்து ஆறியது. நாக்கில் ருசி திரும்ப மாதக்கணக்காயிற்று. கறியில் உப்புப் பார்க்கும் வேலை அதுவரை மூத்த மகளுக்கு. மறு பரிசோதனையில் புண் முழுதாக ஆறிவிட்டது என்றார்கள். அந்தத் தை மாதம் பிள்ளைகளோடு மலைநாட்டுக்குப் போனோம். மாமியார் மகளின் கறுத்த கன்னத்தைத் தடவிப் பார்த்து, “எளச்சிட்டியேடி” என்று மட்டும் சொன்னார். இருவரும் லயத்து வரிசை வீட்டின் வாசலில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை பேசினார்கள். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனேன்.