குளியலறையில் நீராவியும் ஒரு நாயும்

கல்யாணமாகிக் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த முதல் மழைக்காலத்தில், வீட்டுக்காரச் சேச்சிக்குத் தெரியாமல் ஒரு நாயை மாடிக்குக் கடத்திக்கொண்டு வந்தோம். யூதத் தெருவான ஜூ டவுனில் சுக்குக் கிடங்கு வாசலில் படுத்துக் கிடக்கும் பழுப்பு நிறப் பெண் நாய். ஆட்டோ இடித்ததில் பின்னங்கால் எலும்பில் விரிசல். கட்டுப் போட்ட மருத்துவர், அது கட்டைக் கடித்துவிடாமலிருக்கக் கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூம்பு ஒன்றை மாட்டி, "மழையில விடாதீங்க" என்று சொல்லியனுப்பினார்.

சேச்சி எங்களுக்குப் போட்டிருந்த ஒரே நிபந்தனை, வீட்டில் நாய் கூடாது என்பது. வேறு வழி? என் கணவர் அதைப் போர்வையில் சுற்றி, அழுக்குத்துணி மூட்டை போல மார்போடு அணைத்துக்கொண்டு மாடியேறினார்.

வந்த கையோடு அதற்குச் சளி பிடித்தது. மூக்கு அடைத்து, மூச்சு விட்டால் கர்ர்ர் என்று மரம் அறுக்கும் சத்தம். வாசனை தெரியாததால் சோற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கீழிருந்து சேச்சி கூப்பிட்டார். பிறந்து வளர்ந்தது மட்டாஞ்சேரியிலேயே என்பதால் அவர் தமிழில் பாதி மலையாளம்.

"மோளே, உன் ஆளுக்கு ஜலதோஷமா? பகல்லகூட குறட்டை கேக்குது!"

"ஆமா சேச்சி, பாவம், ரொம்ப முடியல."

சற்று நேரத்தில் பெரிய டம்ளர் நிறையச் சுக்குக் காப்பி வந்தது. சேச்சி பக்கத்திலேயே நின்றதால், ஒரு தும்மல்கூடப் போடாத என் கணவர் கண்ணில் நீர் வழிய முழுவதையும் குடித்தார்.

மருத்துவருக்குப் போன் செய்தேன். "நமக்குப் பூசற தைலம், மாத்திரை எதுவும் கூடாது. குளியலறையில சுடுதண்ணி வெச்சுக் கதவைச் சாத்தி, ஆவியில கொஞ்ச நேரம் உட்கார வையுங்க. தண்ணிப் பக்கம் விடாதீங்க. மூக்கை ஈரத்துணியால துடையுங்க. வாயால மூச்சு வாங்குச்சுன்னா உடனே கூட்டிட்டு வாங்க."

வாளியில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி மூலையில் வைத்தேன். கட்டு நனையாமல் காலுக்குப் பிளாஸ்டிக் பை கட்டினேன். கணவர் நாயை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார, நான் வாளிக்கு முன்னால் காவலுக்கு உட்கார்ந்தேன். மூவருக்கும் வியர்த்துக் கொட்டியது. கூம்புக்குள்ளிருந்து அந்தக் கர்ர்ர் ஒலிபெருக்கியில் வருவதுபோல் சுவரெல்லாம் மோதியது.

வல்லார்பாடம் துறைமுகத்தில் வேலை, விட்டால் வீடு என்று இருக்கும், அளந்து பேசும் மனிதர் என் கணவர். கல்யாணமானதிலிருந்து என்னிடமும் மரியாதையாகவே பேசிக்கொண்டிருந்தார். அவர் திடீரென்று கூம்பின் அருகே வாயை வைத்து, ரயில் நிலைய அறிவிப்புக் குரலில் ஆரம்பித்தார்.

"பயணிகளின் கவனத்திற்கு. ஆலுவா செல்லும் வண்டி, மூக்கடைப்பு காரணமாகத் தாமதமாக வரும்."

நாய் சரியாக அந்த இடத்தில் கர்ர்ர் என்றது. எனக்கு வந்த சிரிப்பில் தரையில் சரிந்துவிட்டேன். அவரும் சிரிக்க, மடி குலுங்க, நாயும் குலுங்கியது. நிறுத்த நினைக்கும்போதெல்லாம் அடுத்த கர்ர்ர். வயிறு வலித்தது. அப்போது நாய் தலையைப் பின்னால் இழுத்து, வீடே அதிர ஒரு தும்மல் போட்டது. உள்ளே இருந்தது மொத்தமும் அவர் முகத்தில்.

கதவு படபடவென்று தட்டப்பட்டது. "மோளே! என்ன பஹளம் இது? ஆராவது விழுந்தீங்களா?"

திறந்தேன். ஆவி புகையாய் வெளியேற, அதன் நடுவே மத்தி மீன் பொரித்துக்கொண்டிருந்த கரண்டியோடு சேச்சி. உள்ளே, முகம் முழுக்கச் சளியும் மடியில் நாயுமாக என் கணவர்.

மீன் வாசனைக்கு நாயின் மூக்கு துடித்தது. மடியிலிருந்து நழுவி மூன்று காலில் நொண்டிப் போய், கூம்பால் சேச்சியின் முழங்காலை இடித்துக் கரண்டியை நக்க எம்பியது.

சேச்சி கரண்டியை உயர்த்திக்கொண்டு கேட்டார். "அப்போ என் சுக்குக் காப்பி முழுக்கச் சும்மா குடிச்சதா?"

கணவர், தப்பை ஒப்புக்கொள்ளும் பள்ளிக்கூடப் பையன் போலக் கை தூக்கினார். சேச்சிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாங்களும் மறுபடி ஆரம்பித்தோம்.

"மிளகு, மிளகாய் ஒண்ணும் இதுக்கு ஆகாது" என்று கீழே போய், மசாலா இல்லாமல் மத்தி வேகவைத்து, முள் எடுத்துச் சோற்றில் பிசைந்து சுடச்சுடக் கொண்டுவந்தார். தட்டு காலியானது.

கால் குணமாகிக் கட்டுப் பிரித்ததும் நாய் கீழ்வீட்டிலேயே தங்கிவிட்டது. போன வருடம், வேறு வீடு பார்க்கலாமா என்று சேச்சியிடம் மெல்லப் பேச்செடுத்தேன்.

"உங்க இஷ்டம், மோளே. இவ வரமாட்டா" என்றார், அதன் காதைச் சொறிந்துகொண்டே. நாங்கள் இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறோம்.