கலர் அக்காவின் தலைக்கணக்கு

தேநீர் இடைவேளையில் கலர் அக்கா தேநீர் குடிப்பதில்லை. பின்வாசல் வழியாக வெளியே போய், கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே வருவார். பதினைந்து நிமிடத்தில் ஐந்து சுற்று. முட்டி ஒத்துழைத்தால் ஆறு. ஒவ்வொரு முறையும் வாசலுக்கு முன்பே ஏப்ரனைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். வாடிக்கையாளருக்கு ஏது ஏப்ரன்?

பெயின்ட், குழாய், டைல்ஸ், பலகை என்று வீட்டைக் கட்டவும் ஒட்டுப்போடவும் வேண்டியதையெல்லாம் விற்கும் பெரிய கடை அது. அக்கா பெயின்ட் கலக்குகிறார். வெள்ளையில் மட்டும் நாற்பத்திரண்டு வகை அவருக்கு அத்துப்படி. "இது பால் வெள்ளை, இது பழைய பல்லு வெள்ளை. ஹாலுக்குப் பல்லுதான் எடுப்பா இருக்கும்" என்பார். வந்தவர் பாலை வாங்கிக்கொண்டு போவார்.

அக்கா சேர்ந்தபோது பெயின்டும் பலகையும் சேர்ந்த அந்தப் பகுதியில் பதினொரு பேர். வருடா வருடம் சம்பளம் கொஞ்சம் ஏறியது, ஆள் குறைந்தது. "எனக்குச் சம்பளம் ஏத்துன கடுதாசி வந்தா, பக்கத்துல யாரு நிக்கிறாங்கன்னுதான் மொதல்ல பாப்பேன்." இப்போது பக்கத்தில் நிற்பது பலகை அறுக்கும் அண்ணன் மட்டும்.

எத்தனை ஆளுக்குக் கூலி கொடுக்கலாம் என்று அளக்க மேலிடம் இந்த வருடம் புது வழி கண்டுபிடித்தது. முன்வாசலுக்கு மேலே ஒரு கண்ணாடிக் கண். உள்ளே வரும் தலைகளை எண்ணும். வெளியே போகிறவர்களைச் சட்டை செய்யாது. மூன்று மாதத்தில் எழுபதாயிரம் தலை வராவிட்டால் அந்தப் பகுதிக்கு ஒரே ஆள் போதும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு வயது ஐம்பத்தாறு, ரம்பச் சத்தத்தில் ஒரு காது போய்விட்டது. மேனேஜர் சொன்னது அந்தக் காதுப் பக்கம் நின்று. அண்ணன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பலகையை எடுத்தார்.

"என்னக்கா, சுத்திச் சுத்தி வர்றீங்க?" என்றாள் பில் போடும் பெண்.

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு."

டாக்டர் சொன்னது முட்டிக்கு ஓய்வு. "அண்ணன் போனா அந்த ரம்பமும் என் தலையிலதான் விழும்" என்று அக்கா வீட்டில் காரணம் சொல்லிக்கொள்கிறார். பத்தொன்பது வருடம் பக்கத்தில் நின்ற மனிதர் இல்லாத கடையை அவரால் நினைத்துப் பார்க்க முடிவதில்லை. அதை யாரிடமும் சொல்வதில்லை.

கெடுவின் கடைசி நாள் அக்காவுக்கு விடுமுறை. முட்டி வேறு பன் மாதிரி வீங்கியிருந்தது. சாயங்காலம் கணவர், மகள், மருமகன், சம்பந்தியம்மா எல்லோரையும் கிளப்பிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே இருந்து பில் போடும் பெண் எண்ணிக்கைத் திரையைப் பார்த்து விரலைக் காட்டினாள்: எழுபதாயிரத்துக்கு இன்னும் ஆறு.

"ஆளுக்கு நாலடி தள்ளிப் போங்க. ஒட்டிக்கிட்டுப் போனா ஒண்ணுன்னு எண்ணிரும்."

"எதாவது வாங்கணுமா?" என்றார் கணவர்.

"மூஞ்சிய மட்டும் வாங்குற மாதிரி வச்சுக்கங்க."

நால்வரும் குனிந்து, இடைவெளி விட்டு உள்ளே போனார்கள். மிச்சம் அக்காவும், அவர் தோளில் தூங்கும் மூன்று வயதுப் பேத்தியும். ஷட்டர்க்காரர் அவசரப்படுத்தினார். அக்கா வாசற்படியில் நின்று, குழந்தையின் கன்னத்தைத் தட்டி எழுப்பி, தரையில் இறக்கிவிட்டார். செருப்பை மாட்டிவிட்டார். பிறகு அந்த முட்டியோடு, ஒன்று இரண்டு என்று எண்ணி, நாலடி பின்னால் போய் நின்றுகொண்டார்.