வாசித்துத்தான் பதிப்பித்தேன்

கிறேஸ் நவமணி மானிப்பாயில் பிறந்தவர். அரசாங்க மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்துக் கண்டிக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. தமிழில் வந்த முறைப்பாட்டைச் சிங்களத்திலும், சிங்களத்தில் வந்த கட்டளையைத் தமிழிலும் எழுதியே தலை நரைத்தது. ஓய்வு பெற்ற பிறகு, கட்டுக்கலையில் இருந்த தன் வீட்டின் முன்னறையைச் சின்னப் பதிப்பகமாக்கினார். ஒரு கணினி, இரண்டு அலுமாரி, ஒரு நீளமான மேசை. அச்சு வேலையை நகரத்து அச்சகம் ஒன்று செய்து கொடுக்கும். எழுத்தைத் தேர்வதும் திருத்துவதும் அவர் வேலை.

"பென்சன் எடுத்த மனிசருக்கு இது என்ன வில்லங்கம்?" என்று கணவர் எட்வின் ஆரம்பத்தில் கேட்டார்.

"கடவுள் மனிசருக்கு மனச்சாட்சியைத் தந்திருக்கிறார். அதுக்குப் பேசிறதுக்கு ஒரு இடம் வேணுமெல்லோ" என்றார் கிறேஸ். அதைப் பெரிய தத்துவமாக அவர் சொல்லவில்லை. ஞாயிறு ஆராதனைக்குப் போவதும் திங்கள் காலையில் ஒருவருடைய கையெழுத்துப் பிரதியைத் திறப்பதும் அவருக்கு ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்கள். யாரையும் கட்டாயப்படுத்தி நம்பவைக்க முடியாது. அப்படியே யாரையும் கட்டாயப்படுத்தி மௌனமாக்கவும் கூடாது. அவ்வளவுதான் அவர் கொள்கை.

பக்திப் பாடல்களும், ஹந்தானைத் தோட்டத்து இளைஞர்களின் கவிதைகளும் அந்த முன்னறையிலிருந்து வெளிவந்தன. பிறகு ஒரு நாள் நபீல் வந்தார். அக்குறணைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர். சிறுகதைத் தொகுதி ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். அதில் ஒரு கதை கிறேஸை உலுக்கியது. கெட்ட போதனையில் விழுந்த மகன் ஒருவன், கொல்வது புண்ணியம் என்று தாயிடம் வாதாடுகிறான். தாய் முழுவதையும் கேட்டுவிட்டு, அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். கதவுக்கு இந்தப் பக்கம் விழுந்து அழுகிறாள். கிறேஸ் அந்தக் கதையைத் தொகுதியின் முதலாவதாக வைத்தார்.

புத்தகம் வெளிவந்த மறுவருடம் உயிர்த்த ஞாயிறன்று முஸ்லிம் தீவிரவாதக் குழு ஒன்றின் குண்டுகள் தேவாலயங்களில் வெடித்தன. கடலோரத்துத் தேவாலயம் ஒன்றில் கிறேஸின் தங்கை லீலா பூசையில் இருந்தாள். கத்தோலிக்கரைக் கலியாணம் செய்து அந்தச் சபைக்குப் போனவள். உடலை அடையாளம் காட்டக் கிறேஸ்தான் போனார். காலில் கிடந்த கொலுசைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

செத்தவீட்டுக்குப் பிந்திய வாரம் நபீல் வந்தார். அவர் தொப்பியைக் கண்டதும் உறவினர்கள் எழுந்து உள்ளே போனார்கள். எட்வின் கதிரையை இழுத்துப் போட்டார். நபீல் உட்காரவில்லை. நின்றபடியே அழுதார்.

கிறேஸ் அவரைப் பார்த்துக் கேட்டார்: "உங்கட கதையில தாய் கதவைச் சாத்துறாள். உண்மையில ஏன் ஒருத்தியும் சாத்தேல்லை, நபீல்?"

கிறேஸ் பதிலுக்காகக் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை, கேட்டார். பிறகு அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

அடுத்த வருடம் நபீலைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதுசெய்து கொழும்புக்குக் கொண்டு போனார்கள். பிள்ளைகளுக்குத் தீவிரவாதம் படிப்பித்தார் என்பது குற்றச்சாட்டு. அத்தாட்சி, அந்தச் சிறுகதைத் தொகுதி.

சில நாட்களில் கிறேஸை விசாரணைக்கு அழைத்தார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒரு தாளை முன்னால் வைத்தார். கிறேஸ் வாசித்தார். கொல்வது புண்ணியம் என்று மகன் சொல்லும் வரிகள் மட்டும் மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. சொல்கிறவன் மகன் என்பது இல்லை. தாய் இல்லை. கதவு இல்லை. எழுதியவரே சொல்வதுபோல் அந்த வரிகள் தனியாக நின்றன.

"இது கதையில் ஒரு பாத்திரம் பேசுவது. அடுத்த பக்கத்தைப் பாருங்கள்" என்று கிறேஸ் சிங்களத்தில் விளக்கினார்.

அதிகாரி கேட்டுக்கொண்டார். பிறகு இன்னொரு தாளை நகர்த்தினார். நூலின் உள்ளடக்கம் தனக்குத் தெரியாது, அச்சுக்கு ஏற்பாடு செய்தது மாத்திரமே தன் வேலை என்று அதில் இருந்தது. "உங்கள் தங்கை இறந்த விஷயம் எங்களுக்குத் தெரியும், மிஸ். உங்களைக் கஷ்டப்படுத்த விருப்பமில்லை. கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்."

வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்த எட்வினிடம் போய்ச் சொன்னார்.

"வைச்சிட்டு வாரும், கிறேஸ். உமக்குப் பிறசர் இருக்கு. உள்ளுக்கு வைச்சாங்கள் எண்டால் நான் என்ன செய்ய?"

"வாசிக்கேல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது? கமா போட்டதும் நான்தானே."

"சும்மா ஒரு பொய்தானே."

"அந்தப் பொய்யை வைச்சு அவனை இன்னும் இறுக்குவாங்கள். பதிப்பிச்சவளே கைவிட்டிட்டாள் எண்டு."

திரும்பி உள்ளே போய், அந்தத் தாளில் கையெழுத்து வைக்க முடியாது என்றார். வெற்றுத்தாள் கேட்டு வாங்கிச் சிங்களத்தில் தானே எழுதினார்: ஒவ்வொரு வரியையும் வாசித்தேன். வாசித்துத்தான் பதிப்பித்தேன். இது கொலைக்கு எதிரான கதை.

அவரை அடைத்து வைக்கவில்லை. ஆனால் கணினியையும் கைத்தொலைபேசியையும் மிச்சப் பிரதிகளையும் எடுத்துப் போனார்கள். பொலிஸ் ஜீப் வந்து நின்றதை ஒழுங்கையின் எல்லா வீடுகளும் பார்த்தன. நகரத்து அச்சகம், இனி வேலை கொண்டுவர வேண்டாம் என்று ஆளனுப்பிச் சொன்னது. லீலாவின் புருஷன் வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்தான்.

"லீலாவைச் சிதறடிச்சவங்கட ஆளுக்கு நீங்கள் வக்காலத்து வாங்குறியள், அக்கா. இனி எங்கட வீட்டு வாசலை மிதிக்காதேங்கோ."

"லீலா என்ர தங்கச்சி, தம்பி. அவளைத் தூக்கி வளர்த்தனான்" என்று கிறேஸ் சொல்லத் தொடங்கினார். மறுபக்கம் வைத்துவிட்டிருந்தான்.

கிறேஸ் போகும் சபையின் போதகர் அற்புதநாதன் நல்ல மனிதர். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து படித்து வந்தவர். வீட்டுக்கே வந்தார்.

"அக்கா, நான் சொல்றத தப்பா எடுத்துக்காதீங்க. சபையில எல்லாரும் பயப்படுறாங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க பெண்கள் ஐக்கியத்துல பேச வேணாம். ஜெபத்துலயும் அந்த ஆளு பேர சொல்ல வேணாம்."

"ஆண்டவரை விசாரிச்சபோதும் இதைத்தானே செய்தவை, ஐயா. அவர் ஆலயத்தைப் பற்றி ஒண்டு சொன்னார். சாட்சி சொன்னவங்கள் அதை வெட்டித் திருப்பி வேறொண்டாக்கினாங்கள். பெரிய வெள்ளிக்கிழமை அதுக்காக அழுறம். இஞ்ச ஒரு மனிசனுக்கு அதே நடக்குது, பேரையும் சொல்லக்கூடாதோ?"

போதகர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் தெரியுதுக்கா. ஆனா என்னால முடியல" என்றார். அந்த நேர்மைக்காகக் கிறேஸுக்கு அவரில் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நபீலின் மனைவி ஸுமைராவைப் பார்க்கப் போனார். வீட்டில் யன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. "அவர பாக்க உடுறாங்க இல்ல மிஸ்" என்றாள் ஸுமைரா. "மகள் வாப்பா எங்க எண்டு கேக்கிறா. படிப்பிக்கப் போயீக்கிறார் எண்டு செல்லி வெச்சீக்கிறேன். சொந்தக்காரங்க கூட வாற இல்ல. நீங்க எதுக்கு மிஸ் வாறீங்க? உங்களுக்கும் பிரச்சினைதானே?"

கிறேஸ் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். முழுக் கதையையும் சிங்களத்தில் மொழிபெயர்த்தார். வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் மொழிபெயர்த்ததில்லை. தாயின் அழுகைக்குச் சரியான சிங்களச் சொல் கிடைக்காமல் ஒரு பின்னேரம் முழுக்க மேசையில் இருந்தார். நபீலின் வழக்கறிஞர் வாசித்துவிட்டு, மிக நன்றாக இருக்கிறது, ஆனால் நீதிமன்றம் ஏற்காது என்றார். பதிப்பித்தவரே மொழிபெயர்த்தால் அது அவருடைய சொந்த வாதமாகிவிடும். வேறொரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் கையொப்பமிட வேண்டும்.

கண்டியில் அந்த வேலை செய்கிற எல்லோரையும் அவருக்குத் தெரியும். சிலருக்கு வேலை பழக்கியதே அவர்தான். ஒருவர் வீட்டில் இல்லை என்று மகளைக் கொண்டு சொல்வித்தார். ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். பழைய சகாவான முத்துலிங்கம், முழுவதையும் வாசித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு சொல்லும் பிழை இல்லை, கிறேஸ். ஆனால் நான் தமிழன். என்ர பேரையும் அந்த வழக்குக் கோவையில போடச் சொல்லுறீர். எண்பத்து மூண்டுக் கலவரத்தில வீடு எரிஞ்சதைப் பார்த்தவன் நான்."

"நானும் பார்த்தனான்."

"அப்ப ஏன் உமக்குப் பயமில்லை?"

"பயமில்லையெண்டு ஆர் சொன்னது?" என்றார் கிறேஸ். "ஒவ்வொரு நாளும் வாசல் படலைச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடிக்குது. ஜெபம் பண்ணினாலும் நிக்கேல்லை."

முத்துலிங்கம் அன்று மறுத்துவிட்டார். மாதங்கள் கழித்து, ஒரு மழை நாளில், தானே வீடு தேடி வந்து, மொழிபெயர்ப்பில் கையொப்பமிட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போனார். அதற்குள் நபீல் ஒரு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டார். பிணை கிடைக்க மேலும் மாதங்கள் ஆகின. வழக்கு இழுபட்டு இழுபட்டு, கடைசியில் அத்தாட்சி போதாது என்று விடுதலையானார். அவரை உள்ளே வைத்தது பிழை என்று யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்து வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை.

இப்போது நபீல் பிலிமத்தலாவையில் மச்சானின் இரும்புச் சாமான் கடையில் இருக்கிறார். போன மாதம் கிறேஸ் பஸ் ஏறிப் போனார். நீதிமன்றமே விட்டுவிட்டது, புத்தகத்தை மறுபடி போடுவோம் என்று கேட்கத்தான்.

நபீல் மெலிந்திருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். கிறேஸ் சொன்னதைக் கேட்டதும் கடைக்கு வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"வாணாம் மிஸ்."

"உங்கட பேர் இல்லாமலாவது?"

"வாணாம். நீங்க எனக்காகப் பட்டது அல்லாஹ்வுக்குத் தெரியும். ஆனா எனக்கு இப்ப எழுத வாற இல்ல. பேனையத் தொட்டா, விசாரிச்ச அந்த ஆள் நான் எழுதினத சிங்களத்தில வாசிக்கிற சத்தம்தான் காதுல கேக்குது. அடுத்த வரியே வாற இல்ல."

ஒருவர் வந்து ஆணி கேட்டார். நபீல் எழுந்து நிறுத்துக் கொடுக்கப் போனார்.

திரும்பும் பஸ்ஸில் கிறேஸுக்கு உட்கார இடம் கிடைத்தது. பேராதனைப் பாலம் தாண்டும்வரை ஜெபம் பண்ணப் பார்த்தார். வார்த்தை வரவில்லை. ஒரு புத்தகத்தைத் தடைசெய்தால் ஒளித்தாவது வாசிக்கலாம். எழுதுகிறவனுடைய உள்ளுக்குள் புகுந்து உட்கார்ந்தால் யாரிடம் போய் மனுக்கொடுப்பது? ஆண்டவரே, நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர் என்று மட்டும் கேட்டார். அது ஜெபமா முறைப்பாடா என்று அவருக்கே தெரியவில்லை.

இந்த வாரம் ஹந்தானையிலிருந்து தர்சிகா என்ற இளம்பெண் ஒரு கையெழுத்துப் பிரதி அனுப்பியிருக்கிறாள். தேயிலைத் தோட்ட லயங்களில் வாழும் பெண்களின் கதைகள். பொலிஸில் அடிபட்ட ஒரு தகப்பனின் கதையும் அதில் இருக்கிறது. நல்ல எழுத்து. கிறேஸ் இரண்டு தரம் வாசித்தார். பிறகு அவளுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"நான் போடுறன், பிள்ளை. அச்சடிக்க எங்கையாவது ஒரு இடம் பிடிப்பன். ஆனால் ஏதும் நடந்தால் என்னாலை உம்மைக் காப்பாற்ற ஏலாது. அதை முதலே சொல்லவேணும். வீட்டில பேசி, யோசிச்சுச் சொல்லும்."

"யோசிச்சு சொல்றேன் மிஸ்" என்றாள் தர்சிகா.

இன்னும் அவள் அழைக்கவில்லை.